வெட்டரினரி ஜர்னலுக்கு ரெஃபரன்ஸ் அமைப்பது: கட்டுரை இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது, வழி சொல்லுங்கள்

உண்ணி ஆய்வு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எம்.வி.எஸ்சி. பாராசைட்டாலஜி முடித்து எட்டு மாதம் ஆகிறது. தீசிஸிலிருந்து ஒரு கட்டுரை எடுத்து எழுதி ஓர் இதழுக்கு அனுப்பியிருந்தேன். நாமக்கல் பக்கத்துக் கறவை மாடுகளில் கிடைத்த உண்ணிகள், அவை பரப்பும் தைலீரியா என்ற ரத்த ஒட்டுண்ணி, இவைதான் விஷயம். கட்டுரையை மதிப்பிடும் ரெவ்யூவர் கைக்கே போகாமல் பத்து நாளில் திரும்பி வந்தது. ரெஃபரன்ஸ் இதழின் முறைப்படி இல்லை என்று ஒரே வரி. இரண்டு ராத்திரி உட்கார்ந்து கையால் திருத்தி மறுபடி அனுப்பினேன், மறுபடியும் வந்துவிட்டது. இந்த முறை கூடுதலாக, உள்ளே சுட்டியிருப்பவையும் கடைசியில் உள்ள பட்டியலும் ஒத்துப்போகவில்லை என்று.

தீசிஸில் பெயர்-ஆண்டு முறை. இதழ் கேட்பது சதுர அடைப்புக்குள் எண், கட்டுரையில் வரும் வரிசைப்படி. மொத்தம் 52 ரெஃபரன்ஸ். எல்லாம் வேர்டில் கையால் அடித்தது, பாதி கூகுள் ஸ்காலரில் இருந்து எடுத்து ஒட்டியது. முன்னுரையில் ஒன்றைச் சேர்த்தால் அதற்குப் பின்னால் உள்ள எல்லா எண்ணும் மாறுகிறது, எங்கே விட்டேன் என்றே தெரியவில்லை.

இன்னும் இரண்டு குழப்பம் இருக்கிறது. பழைய கட்டுரைகளில் மாட்டு உண்ணி ஒன்றின் பெயர் பூஃபிலஸ் மைக்ரோப்ளஸ் என்று இருக்கிறது, இப்போது ரிப்பிசெஃபாலஸ் மைக்ரோப்ளஸ். இதழோ நடப்பில் உள்ள பெயரைத்தான் எழுத வேண்டும் என்கிறது. அப்படியானால் பட்டியலிலும் மாற்றிவிட வேண்டுமா? அப்புறம் நம்மூர் ஆட்களின் பெயர். இனிஷியல் எது, குடும்பப் பெயர் எது என்று ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு மாதிரி வருகிறது. எதை எடுப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், இன்னொரு முறை திரும்பி வந்தால் தாங்காது.


பழைய ரெவ்யூவர் எழுதியது:

டாக்டர், முதலில் மனதைத் தளர விடாதீர்கள். ரெவ்யூவர் கைக்குப் போகாமல் திரும்புகிற கட்டுரைகளில் இந்தக் காரணம் நிறைய. ஆய்வில் குறை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ரெஃபரன்ஸ் வேலையைச் சும்மா புள்ளி, கமா வேலை என்று நினைத்து உட்கார்ந்தால் மறுபடியும் இதே இடத்தில்தான் வந்து நிற்பீர்கள். நான் பதினைந்து வருடமாகக் கட்டுரைகள் பார்க்கிறேன். பட்டியல் கலைந்திருந்தால் எனக்கு முதலில் வருகிற சந்தேகம், இவர் இந்தக் கட்டுரைகளைப் படித்தாரா என்பதுதான். அந்தச் சந்தேகம் வந்த பிறகு உங்கள் ரிசல்ட்டையும் அதே கண்ணோடுதான் பார்ப்பேன். அதனால் வடிவத்தைத் தொடுவதற்கு முன் 52 கட்டுரையின் பிடிஎஃப்-ஐயும் ஒரே ஃபோல்டரில் வையுங்கள். கையில் கிடைக்காத எதையும் பட்டியலில் வைக்காதீர்கள்.

பெயர்-ஆண்டிலிருந்து எண்ணுக்கு மாற்றும்போது பலரும் அடிபடுகிற இடம் வாக்கியம். 'இன்னார் (2015) கண்டறிந்தார்' என்று தீசிஸில் இருக்கும். அதில் பெயரையும் ஆண்டையும் எடுத்துவிட்டு எண்ணைப் போட்டால் '[12] கண்டறிந்தார்' என்று வாக்கியம் தலையில்லாமல் நிற்கும். பெயர் வாக்கியத்தின் உறுப்பாக இருந்தால் பெயரை விட்டுவைத்து அதன் பக்கத்தில் எண் போடுங்கள். வாக்கியக் கடைசியில் அடைப்புக்குள் ஆதாரமாக மட்டும் வந்தால் மொத்தத்தையும் எடுத்துவிட்டு எண் மட்டும் போதும். இதை எந்த மென்பொருளும் உங்களுக்காகச் செய்யாது. வரி வரியாக நீங்கள்தான் படிக்க வேண்டும்.

இந்த எண் முறையைத்தான் வான்கூவர் முறை என்கிறோம். 1978-இல் மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் சிலர் கனடாவில் அந்த ஊரில் கூடிப் பேசி வகுக்கத் தொடங்கியது, அதனால் அந்தப் பெயர். பெயர்-ஆண்டு முறையோ நம் துறைப் பக்கத்து ஆளிடமிருந்து வந்தது. ஹார்வர்டில் இருந்த எட்வர்ட் லாரன்ஸ் மார்க் என்ற விலங்கியலாளர் 1881-இல் நிலத்து நத்தை வகை ஒன்றைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் அது முதலில் வருகிறது என்பார்கள். விலங்கு, கால்நடைத் துறை இதழ்களில் இன்றைக்கும் இரண்டும் கலந்து ஓடுகின்றன. ஆகவே எது சரி என்று கேட்டுப் பயனில்லை, அந்த இதழ் எதைக் கேட்கிறது என்பதை மட்டும் பாருங்கள். விதிமுறைப் பக்கத்தை மட்டும் நம்பாமல் அதே இதழில் கடந்த மாதம் வந்த இரண்டு கட்டுரையை இறக்கிப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். விதிமுறையில் சொல்லாத பல விஷயம் அதில் தெரியும்.

உங்கள் துறையிலேயே ஒன்றை எடுத்துக் காட்டுகிறேன், தமிழ் எழுத்தில் தருகிறேன், ஆங்கிலத்தில் பொருத்திக்கொள்ளுங்கள். உண்ணி பற்றி எழுதுகிற எல்லோரும் சுட்டும் 2004 கட்டுரை. பெயர்-ஆண்டு முறையில் இப்படி வரும்:

யோங்கெயான், எஃப்., யூலென்பெர்க், ஜி., 2004. தி குளோபல் இம்பார்ட்டன்ஸ் ஆஃப் டிக்ஸ். பாராசைட்டாலஜி 129 (சப்ளி.), எஸ்3–எஸ்14.

வான்கூவரில் இப்படி:

யோங்கெயான் எஃப், யூலென்பெர்க் ஜி. தி குளோபல் இம்பார்ட்டன்ஸ் ஆஃப் டிக்ஸ். பாராசைட்டாலஜி. 2004;129 சப்ளி:எஸ்3-14.

இனிஷியலுக்குப் பின் இருந்த புள்ளி போய்விட்டது. ஆண்டு இதழின் பெயருக்குப் பின்னால் போய்விட்டது. அரைப்புள்ளிக்குப் பின் இடைவெளி இல்லை. பாராசைட்டாலஜி என்பது ஒற்றைச் சொல் தலைப்பு, அதைச் சுருக்கக் கூடாது. அந்த 'எஸ்' எழுத்துதான் முக்கியம். அது சப்ளிமென்ட், அதாவது கூடுதல் இதழின் பக்கம் என்பதைக் காட்டுகிறது. அதை விட்டுவிட்டு 3-14 என்று மட்டும் போட்டால் அதே தொகுதியின் வழக்கமான இதழில் வேறு ஏதோ ஒரு கட்டுரையில் போய் நிற்பார்கள். கூகுள் ஸ்காலரில் எடுத்து ஒட்டும்போது உதிர்வது இந்த மாதிரிச் சின்ன எழுத்துகள்தான்.

உண்ணிப் பெயர் விஷயம். உங்கள் கட்டுரையின் உடலில் நடப்புப் பெயரை எழுதுங்கள், முதல் முறை வரும்போது பழைய பேரினப் பெயரை அடைப்புக்குள் காட்டலாம். பட்டியலில் மட்டும் கையே வைக்காதீர்கள். அந்த ஆசிரியர் பூஃபிலஸ் என்று தலைப்பு வைத்திருந்தால் தலைப்பு அதுதான். பூஃபிலஸை ரிப்பிசெஃபாலஸுக்குள் சேர்த்தது 2003-இல். 1980-இல் வந்த கட்டுரையின் தலைப்பில் புதுப் பெயரைப் போட்டால் அப்படி ஒரு கட்டுரையே உலகத்தில் இல்லை, தேடுகிறவருக்குக் கிடைக்காது. குதிரை ஒட்டுண்ணி பபீசியா ஈக்வை 1998-க்குப் பின் தைலீரியா ஈக்வை ஆனதற்கும், பாஸ்டுரெல்லா ஹீமோலிட்டிக்கா என்ற பாக்டீரியா மான்ஹீமியா ஆனதற்கும் இதே கதைதான்.


நூலக மேசை எழுதியது:

நான் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை செய்கிறேன். கால்நடை மருத்துவ மாணவர்கள் இதே பிரச்சினையோடு வாரத்துக்கு இரண்டு பேராவது வருகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கையால் அடிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். ஜோட்டெரோ என்ற ரெஃபரன்ஸ் மென்பொருள் இலவசம், அதையே எடுத்துக்கொள்ளுங்கள். பிடிஎஃப்-ஐ அவர்கள் சர்வரில் வைத்தால்தான் 300 எம்பி வரம்பு, உங்கள் கணினியிலேயே வைத்தால் வரம்பு இல்லை. மேலே மந்திரக்கோல் மாதிரி ஒரு படம் இருக்கும், அதை அழுத்தி, கட்டுரையின் தனி அடையாளமான டிஓஐ எண்ணை ஒட்டினால் விவரம் எல்லாம் தானாக வந்து உட்காரும். 52 கட்டுரைக்கு ஒரு மாலை போதும். டிஓஐ தெரியாத பழைய கட்டுரைகளுக்கு கிராஸ்ரெஃப் தளத்தில் தேடும் பக்கம் இருக்கிறது, உங்களிடம் இருக்கும் ரெஃபரன்ஸை அப்படியே ஒட்டினால் பொருந்துகிற எண்ணைக் காட்டும்.

ஆனால் தானாக வந்தது எல்லாம் சரியாக இருக்கும் என்று மட்டும் நம்பாதீர்கள், இதை நான் எல்லோரிடமும் அழுத்திச் சொல்வேன். மென்பொருள் புள்ளியையும் கமாவையும்தான் நகர்த்தும். உள்ளே இருக்கும் விவரம் தப்பாக இருந்தால் அந்தத் தப்பை அழகான வடிவத்தில் தரும், அவ்வளவுதான். போன வாரம் ஒரு மாணவியின் பட்டியலில் தைலீரியா அனுலேட்டா என்பதில் இரண்டு சொல்லுக்கும் பெரிய எழுத்து. இதழ் தலைப்பின் ஒவ்வொரு சொல்லையும் பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கிறது, ஜோட்டெரோ அதை அப்படியே எடுத்து வந்துவிட்டது. சிற்றினப் பெயருக்குப் பெரிய எழுத்து வரக் கூடாது என்பது கால்நடை மருத்துவரான உங்களுக்குத் தெரியும், அந்த நிரலுக்குத் தெரியாது. தலைப்புக் கட்டத்தில் வலது கிளிக் செய்தால் வாக்கிய நடைக்கு மாற்ற ஒரு வசதி இருக்கிறது. அதை அழுத்தினால் சில நேரம் பேரினப் பெயரும் ஊர்ப் பெயரும்கூடச் சின்ன எழுத்தாகிவிடும், அவற்றைக் கையால் திருப்ப வேண்டும். சாய்வெழுத்தும் தானாக வராது. அந்தக் கட்டத்திலேயே பெயருக்கு முன்னும் பின்னும் எச்டிஎம்எல் சாய்வெழுத்துக் குறியைப் போட்டுவிட்டால் வேர்டில் சாய்வாக வந்துவிடும். வேர்டில் போய்ச் சாய்க்காதீர்கள், அடுத்த முறை புதுப்பிக்கும்போது அழிந்துவிடும்.

பெயர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நம் ஆட்களுக்கு இதில்தான் நியாயமே கிடைப்பதில்லை. கே. முருகன் என்று ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள், கே என்பது அப்பா பெயரான கந்தசாமி. ஒரு கட்டுரையில் கே. முருகன் என்று போடுகிறார், பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளத்தில் முருகன் கே என்று சரியாக வருகிறது. அடுத்த இதழ் முழுப் பெயர் கேட்கிறது, முருகன் கந்தசாமி என்று கொடுக்கிறார், கடைசியில் இருப்பதுதான் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு கந்தசாமி எம் ஆக்கிவிடுகிறார்கள். மூன்றாவது இடத்தில் முருகன் கே என்று இனிஷியலைப் பின்னால் போட்டு அடிக்க, மென்பொருள் அந்த ஒற்றை எழுத்தையே குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு 'கே எம்' என்று தருகிறது. நீங்கள் செய்ய வேண்டியது, ஒவ்வொரு கட்டுரைக்கும் அந்தக் கட்டுரையின் முதல் பக்கத்தைத் திறந்து பார்ப்பது. 'இப்படிச் சுட்டவும்' என்று இதழே கொடுத்திருந்தால் அதை எடுங்கள். இல்லையென்றால் பப்மெட் பதிவைப் பாருங்கள். பழைய இந்திய இதழ்கள் பல பப்மெட்டில் இல்லை, அவற்றுக்கு அச்சில் உள்ளபடி இனிஷியல் எது என்று பார்த்து நீங்களே பிரித்துப் போடுங்கள். இரண்டும் ஒரே ஆள் என்று தெரிந்தாலும் நீங்களாக ஒன்றாக்காதீர்கள்.

இதழ்ப் பெயரைச் சுருக்குவதிலும் கவனம். வெட்டரினரி பாராசைட்டாலஜி வேறு, ஜர்னல் ஆஃப் வெட்டரினரி பாராசைட்டாலஜி வேறு, பின்னது நம் நாட்டு வெட்டரினரி பாராசைட்டாலஜி சங்கத்தின் இதழ். முன்னால் இருக்கும் 'ஜே' ஒன்று விட்டுப்போனால் இதழே மாறிவிடுகிறது. சுருக்கத்தை மனதில் இருந்து எழுதாமல் அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் பட்டியலில் தேடிப் போடுங்கள். பாராசைட்ஸ் அண்ட் வெக்டார்ஸ் மாதிரி இணையத்தில் மட்டும் வரும் இதழ்களுக்குத் தொடர் பக்க எண் கிடையாது, கட்டுரை எண்தான். அங்கே பிடிஎஃப்-இன் பக்கத்தை 1-9 என்று போடுகிற தவறை நான் கணக்கில்லாமல் பார்த்திருக்கிறேன்.


உண்ணி ஆய்வு எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று ராத்திரியே ஜோட்டெரோ இறக்கி 41 கட்டுரையை ஏற்றிவிட்டேன். 1-9 தவறு என்னிடம் மூன்று இடத்தில் இருந்தது. நூலக மேசை அக்கா சொன்ன அந்த 'ஜே' தவறும் ஒன்று இருந்தது, அதே தொகுதி எண்ணில் வேறு இதழில் தேடி அது கிடைக்கவே இல்லை என்று போன மாதம் என் கைடு கேட்டிருந்தார், இப்போதுதான் காரணம் புரிகிறது.

இன்னும் சில கேள்விகள். கட்டுரையில் எங்கும் சுட்டாமல் அட்டவணையில் மட்டும் நான்கு ரெஃபரன்ஸ் இருக்கிறது, அவற்றுக்கு என்ன எண்? எத்தனை பெயருக்குப் பின் எட் ஆல் (மற்றும் பிறர்) போடுவது? உள்ளே எண் முறையில் இருந்தும் சில இடங்களில் பெயர் எழுதுகிறோமே, அங்கேயும் எட் ஆல் வருமா? அப்புறம் உலக விலங்கு சுகாதார அமைப்பின் கையேட்டையும், கால்நடைக் கணக்கெடுப்பையும், சூல்ஸ்பி எழுதிய ஒட்டுண்ணிப் பாடப் புத்தகத்தையும் சுட்டியிருக்கிறேன். இவற்றுக்கு டிஓஐ கிடையாது. எப்படிப் போடுவது?


பழைய ரெவ்யூவர் எழுதியது:

அட்டவணைக்கு மட்டும் உரியவற்றை, அந்த அட்டவணை கட்டுரையில் முதலில் குறிப்பிடப்படும் இடத்தை வைத்து எண்ணிடுங்கள். அதாவது 'அட்டவணை 2 பார்க்க' என்று எழுதும் வரிக்கு முன் கடைசி எண் 17 என்றால் அட்டவணையில் உள்ளவை 18-இல் தொடங்கும். பெரும்பாலானவர்கள் இவற்றைக் கடைசியில் 49, 50 என்று தள்ளிவிடுகிறார்கள், வரிசை குலைந்தது என்று திரும்பி வருவதற்கு இதுவே போதும். உங்கள் இரண்டாவது திருப்பலுக்கு இது ஒரு காரணமாக இருக்கலாம், பாருங்கள்.

எட் ஆல் பற்றி: மருத்துவ இதழ் ஆசிரியர்கள் குழுவின் மாதிரிகளில் முதல் ஆறு பெயரைப் போட்டுவிட்டு எட் ஆல். ஆனால் எல்லாப் பெயரையும் கேட்கும் இதழ்களும் உண்டு, மூன்றோடு நிறுத்தச் சொல்லும் இதழ்களும் உண்டு. உங்கள் இதழின் சமீபக் கட்டுரையில் எட்டுப் பேர் எழுதிய ஒரு ரெஃபரன்ஸைத் தேடிப் பிடித்துப் பாருங்கள், ஒரு நொடியில் தெரிந்துவிடும். வாக்கியத்துக்குள் பெயர் எழுதும் இடத்தில் இரண்டு பேர் என்றால் இருவர் பெயரும், மூன்றும் அதற்கு மேலும் என்றால் முதல் பெயரோடு எட் ஆல் என்பது பரவலான வழக்கம்.

சூல்ஸ்பியின் 1982 ஏழாம் பதிப்பை உண்ணி அடையாளம் காண நீங்கள் உண்மையிலேயே பயன்படுத்தினீர்கள் என்றால் தாராளமாகப் போடுங்கள், பதிப்பு எண்ணை விடாதீர்கள். ஸ்னெடெகர், கோக்ரனின் புள்ளியியல் புத்தகத்தைத் திறந்தே பார்க்காமல் சீனியர் தீசிஸில் இருந்ததால் போட்டீர்கள் என்றால் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். எந்த மென்பொருளில் எந்தச் சோதனை செய்தீர்கள் என்று எழுதுவதுதான் வாசகருக்குத் தேவை. இது என் நெடுநாள் ஆதங்கம்.


மாட்டாஸ்பத்திரி எழுதியது:

நான் களத்தில் இருப்பவன், வருடத்துக்கு ஒரு கேஸ் ரிப்போர்ட் எழுதுவதோடு சரி. ஆனாலும் டாக்டர் கேட்ட இரண்டு விஷயத்தில் நானும் இடறியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

உலக விலங்கு சுகாதார அமைப்புக்கு முன்பு ஓஐஇ என்று சுருக்கம், 2022 மே மாதத்திலிருந்து டபிள்யூஓஏஎச். நீங்கள் பார்த்தது 2018 கையேடு என்றால் அதன் அட்டையில் ஓஐஇ என்றுதான் இருக்கும், பட்டியலிலும் அப்படியே போடுங்கள். உண்ணிப் பெயருக்குச் சொன்ன அதே நியாயம். கையேட்டில் அத்தியாயங்கள் தனித்தனியாகத் திருத்தப்படுகின்றன, அதனால் தைலீரியா அத்தியாயத்தின் பெயர், ஆண்டு, நீங்கள் இணையத்தில் பார்த்த தேதி மூன்றும் வேண்டும். முகப்புப் பக்கத்தின் இணைப்பை மட்டும் கொடுத்தால் யாருக்கும் பயன்படாது.

கணக்கெடுப்பு எண்ணை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று ஒருமுறை பாருங்கள். நான் 2020-இல் எழுதியபோது ஒரு ரெவ்யூ கட்டுரையில் இருந்த எண்ணை எடுத்து '20-ஆவது கணக்கெடுப்பு' என்று சுட்டிவிட்டேன். அந்த ரெவ்யூவில் இருந்தது 2012-இன் எண், மாடுகள் 19.09 கோடி. 20-ஆவது கணக்கெடுப்பு 2019-இனுடையது, அது வெளியானபோது அறிவித்தது 19.249 கோடி. வித்தியாசம் சிறிதுதான், ஆனால் ரெவ்யூவர் கண்டுபிடித்துக் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை, இரண்டு நாள் மனசு சரியில்லை. துறையின் அறிக்கையையே இறக்கி, பக்கத்தைப் பார்த்து, அதையே சுட்டுங்கள்.

வேறொருவர் கட்டுரை வழியாகத் தெரிந்துகொண்ட கண்டுபிடிப்பு எதுவானாலும் மூலத்தைத் தேடிப் படியுங்கள். நம் பல்கலைக்கழகங்களின் தீசிஸ்கள் கிருஷிகோஷ் என்ற இணையத் தொகுப்பில் கிடைக்கின்றன, முன்பு மாதிரி நூலகம் நூலகமாக அலைய வேண்டியதில்லை.


நூலக மேசை எழுதியது:

அனுப்புவதற்கு முன் இன்னும் இரண்டு. ஜோட்டெரோவில் ஏதாவது கட்டுரையின் மேல் சிவப்புப் பட்டை தெரிகிறதா என்று பாருங்கள். திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளை ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு அது எச்சரிக்கும். அப்படி ஒன்று இருந்தால் அதைச் சுட்டிய வரியையும் சேர்த்து மறுபடி யோசிக்க வேண்டும். இரண்டாவது, வேர்டு கோப்பைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, பிரதியில் மட்டும் ஜோட்டெரோ இணைப்புகளைத் துண்டித்து அதை அனுப்புங்கள். மூலக் கோப்பு உயிரோடு இருந்தால்தான் ரெவ்யூவர் இன்னொரு ரெஃபரன்ஸ் சேர்க்கச் சொல்லும்போது எண்கள் தானாக நகரும்.


உண்ணி ஆய்வு எழுதியது:

முடித்துவிட்டேன். இரண்டாவது திருப்பலுக்குக் காரணம் ரெவ்யூவர் சார் சொன்ன அட்டவணைதான், நான்கையும் கடைசியில்தான் வைத்திருந்தேன். மாட்டாஸ்பத்திரி அண்ணா சொன்னதைக் கேட்டு, ரெவ்யூ வழியாகச் சுட்டிய ஆறு கட்டுரையின் மூலத்தையும் தேடினேன். நான்கு கிடைத்தது. அதில் ஒன்று மாட்டைப் பற்றியதே இல்லை, செம்மறி ஆட்டில் எடுத்த மாதிரிகள், நான் என் டிஸ்கஷனில் கறவை மாட்டு எண்ணோடு அதை ஒப்பிட்டு ஒரு பத்தியே எழுதியிருந்தேன். அந்தப் பத்தியை எடுத்துவிட்டு வேறு எழுதினேன். கிடைக்காத இரண்டும் போயின, ஸ்னெடெகரும் போயிற்று. இப்போது 48 இருக்கிறது, 48-இன் பிடிஎஃப்பும் ஒரே ஃபோல்டரில். கைடு ஒருமுறை பார்த்ததும் திங்கட்கிழமை அனுப்புகிறேன்.